கிணற்றில் தொங்கிய சொம்பு

மன்னார்குடியில் தாத்தா வீட்டுக் கிணற்றில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, 1976ஆம் வருஷம் மே மாதம் முழுக்க ஒரு பித்தளைச் சொம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய இரண்டு இன்சுலின் குப்பிகள். காலையும் மாலையும் தாத்தா கயிற்றை மெதுவாக இழுத்துச் சொம்பை மேலே கொண்டுவருவார். அம்மா அளவு பார்த்து ஊசியில் ஏற்றுவாள். மறுபடியும் சொம்பு கீழே போய்விடும். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கிணற்றைச் சுற்றி வேறு குழந்தைகள் யாரும் விளையாடக் கூடாது என்று தாத்தா கட்டளை போட்டிருந்தார். என் உயிர் அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவர் யாரிடமோ சொன்னதைக் கேட்டு, ராத்திரி எழுந்துபோய்க் கயிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது வேளச்சேரியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் 28 இன்சுலின் பேனாக்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஜனவரியில் மகள் வீட்டுக்குப் போகிறேன். கனடாவில், டொராண்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். மூன்று மாதம். டைப் 1 சர்க்கரை நோயோடு ஐம்பது வருஷம் வாழ்ந்துவிட்ட எனக்குப் பெட்டி கட்டுவது புதிதில்லை. ஆனால் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், மேஜையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, இதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று மனம் போய்க்கொண்டே இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் ஊர்விட்டு ஊர் போவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ராஜாக்களின் சரித்திரத்தைப் போல அதை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. அம்மாக்களின் கைப்பழக்கத்தில்தான் அது இருந்தது.

டைப் 1 என்பது, இன்சுலினைச் சுரக்கிற கணையத்துச் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும் நோய். பலருக்குச் சின்ன வயதிலேயே வரும். மாத்திரையால் ஈடுகட்ட முடியாது. வெளியிலிருந்து இன்சுலின் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 1922க்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைக்குப் பட்டினிச் சாப்பாடு போட்டு, மரணத்தைச் சில மாதமோ ஒன்றிரண்டு வருஷமோ தள்ளிப்போடத்தான் முடிந்தது. அந்த வருஷம் ஜனவரி 11ஆம் தேதி, டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அது சரியாகச் சுத்தம் செய்யப்படாத மருந்து. பலன் போதவில்லை. ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தபின் 23ஆம் தேதி போட்ட ஊசியில் பையன் தேறினான். இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவைச் சேர்ந்த பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் போகப்போகும் ஊர் அந்த டொராண்டோதான்.

எங்கள் கூட்டத்தின் முதல் வெளிநாட்டுப் பயணங்கள் பல இன்சுலினைத் தேடிப் போனவை. 1922 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ், எலும்பும் தோலுமாக டொராண்டோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். அதற்குப்பின் ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தாள். அதே வருஷம் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக் டென்மார்க்கிலிருந்து டொராண்டோவுக்கு வந்தார். அவர் மனைவி மரீ ஒரு டாக்டர், அவருக்கும் சர்க்கரை நோய். க்ரோக் இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பினார். இன்று என் மேஜையில் இருக்கும் டென்மார்க் பேனாக்களின் வேர் அந்தப் பயணத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஆர். டி. லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். தன் நோய்க்கு முடிவு ஒன்றுதான் என்று தெரிந்து, வீட்டாரின் கண்ணெதிரே சாக வேண்டாம் என்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸுக்குப் போய் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1923இல் லண்டனிலிருந்து ஒரு சகா, இன்சுலின் வந்துவிட்டது, உடனே கிளம்பி வா என்று செய்தி அனுப்பினார். நரம்புகள் தளர்ந்து, நிற்கவே தடுமாறிய நிலையில் லாரன்ஸ் ஐரோப்பாவைக் குறுக்காகக் கடந்து காரில் வந்து சேர்ந்தார். மே மாதக் கடைசியில் முதல் ஊசி. 1968 வரை வாழ்ந்தார். 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து சர்க்கரை நோயாளிகளுக்கென்றே பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கினார். நான் பெட்டி கட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். அவர் கிளம்பியபோது அவரிடம் ஒரு துளி இன்சுலின்கூட இல்லை.

சென்னையிலும் அந்த மாதிரிப் பயணங்கள்தான் முதலில் நடந்தன. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் தொடங்கிய பொது மருத்துவமனை பிறகு இந்த நோய்க்கென்றே ஆனது. ராமநாதபுரத்திலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தவர்களுக்கு ராயபுரம்தான் டொராண்டோ. மயிலாப்பூரில் இருந்த எங்களுக்கே அது ஒரு பெரிய பிரயாணம். 1975இல், ஒரே மாதத்தில் பாதி உடம்பாகி, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த என்னை அப்பா டாக்ஸி வைத்து வடசென்னைக்குக் கொண்டுபோனார். பத்து நாள் கழித்து வீடு திரும்பும்போது அவர் கையில் ஒரு கண்ணாடி சிரிஞ்சு, இரண்டு ஊசி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, நீல நிறத்தில் ஒரு புட்டித் திரவம் எல்லாம் இருந்தன.

அந்த நீலத் திரவத்துக்குப் பெனடிக்ட் கரைசல் என்று பெயர். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். ஆனால் அந்த நிறம் சில மணி நேரத்துக்கு முந்தைய ரத்தத்தின் சேதி. இந்த நிமிஷம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் பார்க்க எங்களிடம் அப்போது வழியே கிடையாது. சர்க்கரை இறங்கி ‘லோ’ ஆவதைக் கை நடுக்கத்திலும் வேர்வையிலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா என் பாவாடை நாடாவிலேயே ஒரு சின்னப் பை தைத்து, கல்கண்டு போட்டு வைத்திருந்தாள்.

எங்களுடையது சைவ வீடு. அப்போது கிடைத்த இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்பாவுக்கு அது தெரியும். பாட்டியிடம் சொல்வதா என்று ஒரு வாரம் தவித்துவிட்டுக் கடைசியில் சொன்னார். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு பூஜை அறைக்குப் போய்விட்டு வந்து, பால் கொடுத்த மாடுதான் உயிரையும் கொடுக்கிறது, அதை மறக்காமல் இரு என்று என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவள் இருந்தவரை மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் ஒரு குப்பிக்கும் குங்குமம் வைக்கப்பட்டது. பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை 1978இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். 1982இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. எனக்கு அது வந்து சேர்ந்தபோது பாட்டி இல்லை.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சொல்லிவைத்து, எங்கள் குப்பிகளை அவர்கள் ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தோம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்தது, அதிக வெயில் படாமல் இருந்தால், சுமார் நான்கு வாரம் வெளியே தாங்கும். சென்னையின் சித்திரை வெயிலில் அந்த ‘அதிக வெயில் படாமல்’ என்பதுதான் கஷ்டம். ஊரில் இருக்கும்வரை மெடிக்கல் ஷாப் போதும். ஊரை விட்டுக் கிளம்பினால் என்ன செய்வது?

1976 கோடை விடுமுறைக்கு மன்னார்குடி கிளம்பினோம். அப்பா ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க் வாங்கி, ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் குப்பிகளை வைத்து மூடினார். அம்மா பழைய கம்பளியில் அதற்கு ஒரு உறை தைத்தாள். எழும்பூரில் இரவு ரயில். விழுப்புரத்தில் யாரோ மேல் பலகையிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கும்போது ஃபிளாஸ்க் கீழே விழுந்தது. உள்ளே இருந்த கண்ணாடி பொடிந்து, குப்பிகளும் உடைந்து, கம்பளி உறை நனைந்துவிட்டது. காலையில் கும்பகோணத்தில் இறங்கும்போது எனக்கு வாந்தி. அப்பா மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவது கடையில் வாங்கி வந்தார். அந்தக் குப்பிகள்தான் கிணற்றுக்குள் போனவை.

அந்தக் காலையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மருந்து இரண்டு மடங்கு, பை இரண்டு. ஒன்று அப்பாவிடம், ஒன்று அம்மாவிடம். இரண்டும் ஒரே பலகையில், ஒரே பெட்டியில், ஒரே கையில் இருக்கக் கூடாது. இன்று உலகம் முழுக்க டைப் 1 காரர்களுக்குப் பயண ஆலோசனை சொல்லும் டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பைகள் தயாராக இருந்தாலும் கதவு திறக்க வேண்டுமே. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நாள் சுற்றுலா போனார்கள். வழியில் எனக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று சொல்லி என் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். பஸ் கிளம்பியதை வாசலில் நின்று பார்த்தேன். அதைக் கேள்விப்பட்ட எங்கள் டாக்டர் அடுத்த வருஷம் அவராகவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தப் பெண் என்ன மருந்து எடுக்கிறாள், எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், மயங்கினால் என்ன செய்ய வேண்டும், இவளிடம் ஏன் ஊசி இருக்கிறது என்று ஒரே பக்கத்தில், தட்டெழுத்தில், முத்திரையோடு. அதைக் காட்டித்தான் ஒன்பதாம் வகுப்பில் மகாபலிபுரம் போனேன். விமான நிலையத்தில் காட்டுவதற்காக இன்று என் பையில் இருக்கும் டாக்டர் லெட்டரில் உள்ள வாசகங்களும் ஏறக்குறைய அவைதான். அன்று அது என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்ட மனு. இன்று அது பயணியின் ஆவணம்.

அப்பாவின் தலைமுறையில் கடல் கடப்பது என்றால் கப்பல். 1926லிருந்து 1970களின் தொடக்கம்வரை ராஜுலா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக் கடல் பயணம். தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களிடம் ஐஸ் ஏது? அப்பாவின் தம்பி ஒருவர் பினாங்கில் இருந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு வரும்படி ஒவ்வொரு தீபாவளிக் கடிதத்திலும் எழுதுவார். அம்மா படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள்.

கல்யாணமாகி 1993இல் வேளச்சேரிக்கு வந்தேன். அப்போது தண்டீஸ்வரர் கோயிலைச் சுற்றித்தான் ஊர். அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் வயல் மிச்சங்கள், ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். பறக்கும் ரயில் இங்கே வந்ததே 2007இல்தான். கே. எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை பக்கத்தில் தரமணியில் இருப்பது எங்கள் வீட்டாருக்குப் பெரிய தைரியம். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. ஆனால் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அம்மா சீதனப் பாத்திரங்களோடு இரண்டு மண்பானைகளையும் அனுப்பியிருந்தாள். பெரிய பானைக்குள் சின்னது. நடுவில் ஆற்று மணல். மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது பெரிய பானையின் வெளிப்புறம் வழியாக ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். உள்பானையில் டப்பாவுக்குள் குப்பிகள். வெளியே 38 டிகிரி காட்டிய ஒரு நாள் உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 29 காட்டியது. காற்றில் ஈரம் கூடிய ஐப்பசி, கார்த்திகையில் பானை இந்த அளவுக்குக் குளிராது. அப்போது வெயிலும் இருக்காது என்பதால் குறையில்லை.

1995இல் முதல் விமானப் பயணம். சிங்கப்பூரில் நாத்தனார் வீட்டுக்கு. இரண்டு பை, இரண்டு மடங்கு மருந்து, டாக்டர் லெட்டர் எல்லாம் இருந்தன. போய் இறங்கியதும் நாத்தனார் பாசத்தோடு இரண்டு பையிலிருந்த மருந்தையும் வாங்கி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டார். காலையில் எல்லாம் பனிக்கட்டி. இன்சுலின் ஒரு தடவை உறைந்தால் போயிற்று. உருகினாலும் அதன் சக்தி திரும்பாது. இரண்டு பையும் ஒரே இடத்துக்குப் போகக் கூடாது என்ற அப்பாவின் சட்டத்தை மீறியது நான்தான்.

அங்கே தேக்கா பகுதியில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். அங்கிருந்த சீனத்துப் பெண்மணி முதலில் என் ரத்தத்தைச் சோதித்தார். கருவியில் 7 என்று வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நம் ஊர்க் கணக்கில் 70க்குக் கீழே போனாலே ‘லோ’. அவர் புன்னகையோடு ஒரு தாளில் 7 என்று எழுதி, 18ஆல் பெருக்கி, 126 என்று காட்டினார். இந்தியாவும் அமெரிக்காவும் சர்க்கரையை மில்லிகிராமில் எடை பார்க்கின்றன. சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் மில்லிமோல் என்று மூலக்கூறுகளை எண்ணிச் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பாலம் 18.

பிறகு என் சிரிஞ்சைக் காட்டச் சொன்னார். அதன் சிவப்பு மூடியைப் பார்த்ததும் தலையை ஆட்டி, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அவர் அன்று சொல்லிக்கொடுத்ததை நான் அதற்குப்பின் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 யூனிட் கோடுவரை இழுத்தால் அரை மில்லி வரும். அந்த ஊர்க் குப்பியில் அரை மில்லி என்பது 50 யூனிட். இருபது போட வேண்டியவள் ஐம்பது போட்டுக்கொண்டு தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம். பிரிட்டன் 1983இல் எல்லோரையும் 100க்கு மாற்றியது. நாம் குப்பிகளில் இன்னும் 40இல் இருக்கிறோம், பேனாக்களில் 100. சென்னையிலிருந்து கிளம்பும் ஒருவர் விசாவுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மூடியின் நிறத்தைத்தான். குப்பி பயன்படுத்துபவர் தன் குப்பிக்குரிய சிரிஞ்சை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறு ஊர்க் குப்பி வாங்க நேர்ந்தால் சிரிஞ்சையும் அங்கேயே வாங்க வேண்டும்.

அந்த இரவு நாத்தனார் வீட்டில் தூக்கம் வரவில்லை. கடை பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்விக்குப் பதிலைப் பின்னாளில் ஏவா சாக்ஸ்ல் என்ற பெண்ணின் கதையில் படித்தேன். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து கணவரோடு ஷாங்காய்க்கு அகதியாகப் போனவர். போன இடத்தில் அவருக்கு இந்த நோய் வந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் மருந்துக் கடைகள் மூடப்பட்டன. கணவனும் மனைவியும் ஒரு மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எருமைக் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் எடுத்தார்கள். அவர் பிழைத்தார், அங்கே இருந்த பலரையும் பிழைக்க வைத்தார். இரண்டு மடங்கு எடுத்துக்கொள் என்று சொல்லும்போது யாராவது சலித்துக்கொண்டால் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி கண்டுபிடிக்கப்பட்ட பின் விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கொண்டுபோகக் கூடாது என்ற விதி வந்தது. இன்சுலின் போன்ற மருந்துகளுக்கு அதில் விலக்கு உண்டு. மறு வருஷம் மகளோடு ஒரு வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பி வரும்போது, வழியில் ஒரு விமான நிலையத்தில், மருந்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த ஜெல் ஐஸ் பொதிகளை மட்டும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார்கள். கடிதத்தைக் காட்டியும் கேட்கவில்லை. பதினொரு வயது மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் கைக்குட்டையை வாங்கிக் குழாயில் நனைத்துப் பிழிந்து, குப்பிகளைச் சுற்றி, காற்றுப் படும்படி பையின் வாயைத் திறந்து வைத்தேன். இது பாட்டி வீட்டுப் பானை, பயப்படாதே என்றேன். உண்மையில் விமானத்துக்குள் அவ்வளவு வெப்பம் இருப்பதில்லை. ஆபத்தெல்லாம் தரையில், வரிசைகளிலும் டாக்ஸியின் டிக்கியிலும் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கி வேளச்சேரி வந்து சேரும்வரை அந்தக் கைக்குட்டையை இரண்டு தடவை நனைத்தோம். இதே தத்துவத்தில் தண்ணீரில் ஊறவைக்கும் துணிப் பைகள் இப்போது கடையில் கிடைக்கின்றன. என்னிடமும் இரண்டு இருக்கின்றன.

2015 டிசம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூரில் நாத்தனார் மகன் கல்யாணத்துக்குக் கிளம்ப டிக்கெட் எடுத்திருந்தோம். இரண்டு பையும் கட்டித் தயாராக இருந்தன. 1ஆம் தேதி இரவு வேளச்சேரி முழுகியது. தரைத்தளத்தில் இருந்த நாங்கள் பானையையும் பைகளையும் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினோம். விமான நிலையத்தின் ஓடுதளத்தில் வெள்ளம். 6ஆம் தேதிவரை மூடிவிட்டார்கள். அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமானதளத்திலிருந்து சில விமானங்களை இயக்கினார்கள். அந்த வாரம் ஊரே குளிர்ந்து கிடந்ததால் மருந்து கெடும் பயம் இல்லை. மருந்தே கிடைக்காமல் போவதுதான் பயம். மெடிக்கல் ஷாப்புகளின் ஃபிரிட்ஜுகள் தண்ணீருக்குள் இருந்தன. இரண்டு தெரு தள்ளி, படகில் வந்த பையன்கள் மூலம் ஒரு பெரியவருக்கு இன்சுலின் வேண்டும் என்று சேதி வந்தது. கல்யாணத்துக்காகக் கட்டிய இரண்டாவது பையைப் பிரித்தேன். வெளியூருக்கென்று கட்டிய பை உள்ளூரில் ஓர் உயிரைக் காத்தது. அப்பா அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார். அவர் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மேஜைக்கு வருகிறேன். நாளொன்றுக்குத் துரித இன்சுலின் சாப்பாட்டு வேளைகளுக்கெல்லாம் சேர்த்து 18 யூனிட், நீண்ட நேரம் வேலை செய்வது ஒரே தடவையாக 18. ஒவ்வொரு தடவை போடும் முன்னாலும் பேனாவிலிருந்து 2 யூனிட்டை வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். அதையும் சேர்த்து 90 நாளுக்குக் கணக்கிட்டால், 300 யூனிட் பேனா முதல் வகையில் 8, இரண்டாவது வகையில் 6. மொத்தம் 14. அப்பாவின் சட்டப்படி 28. பாதி என் கைப்பையில், பாதி கணவரின் கைப்பையில். செக்-இன் பெட்டியில் ஒன்றுகூடக் கிடையாது. பெட்டி தொலையலாம், சரக்கு அறையில் மருந்து உறையவும் செய்யலாம். கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் போக, ஒரு பழைய குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும். குளுக்கோஸ் பொட்டலம், கடலை மிட்டாய், டாக்டர் லெட்டர் மூன்று பிரதி.

மேற்கே போகும்போது நாள் நீளும். ஜனவரியில் டொராண்டோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். முன்பெல்லாம் நீளும் நாளுக்கென்று இன்சுலினைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித் தாளில் எழுதிக் கொடுப்பார் டாக்டர். இப்போது என் இரவு 9 மணி ஊசி, அங்கே காலை 10.30 மணி ஊசியாகிவிடும், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். இது எனக்கு அவர் போட்ட கணக்கு. ஒவ்வொருவரும் தங்கள் டாக்டரிடம் உட்கார்ந்து தங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் மூன்றாவது மாடிப் பையன் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பதினோரு வயது. போன வருஷம்தான் அவனுக்கு இந்த நோய் வந்தது. கோடை விடுமுறைக்குத் துபாயில் இருக்கும் அவன் அப்பாவிடம் போக வேண்டும். போகலாமா ஆன்ட்டி என்று அவன் அம்மா கேட்டாள். போகாமல் எப்படி என்றேன். பேனாக்களை எண்ணச் சொன்னேன். இருபத்தெட்டு என்றான். எத்தனை பை என்றேன். இரண்டு என்றான். ஏன் இரண்டு என்று அவனாகவே கேட்டான். விழுப்புரத்தில் உடைந்த ஃபிளாஸ்க்கிலிருந்து ஆரம்பித்தேன்.

மகள் போனில் ஒன்று சொன்னாள். அங்கே ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரிவரை போகும், பையை வெளியே தூக்கிக்கொண்டு நடந்தால் மருந்து உறைந்துவிடும், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். நேற்று சாயங்காலம் காந்தி ரோட்டில் இருக்கும் தையற்காரரிடம் என் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு போனேன். உள்பக்கம், இடது மார்புக்குக் கீழே, நான்கு பேனா நிற்கிற மாதிரி ஒரு பை வேண்டும் என்றேன்.

“கோட்டுக்கு வெளியேதாம்மா பை வைப்பாங்க, உள்ளே எதுக்கு?” என்றார்.

“உள்ளே வைக்கப் போறது சூடா இருக்கணும், அதான்.”

அவர் அளவு நாடாவை எடுத்து, பேனாவை வாங்கி நீளம் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டார். ஃபிளானல் துணி வைத்துத் தைக்கட்டுமா என்று அவரே கேட்டார். ஃபிளாஸ்க்குக்கு அம்மா தைத்த கம்பளி உறை நினைவுக்கு வந்தது. ஐம்பது வருஷமாகக் கிணறும் பானையும் ஈரத்துணியும் இந்த மருந்தைச் சூட்டிலிருந்து காத்துக் கொடுத்தன. இன்சுலின் முதன்முதலில் பிறந்த ஊரில் நான் தெருவில் நடக்கும்போது, அதைக் குளிரிலிருந்து காக்கப்போவது என் உடம்பின் சூடு. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.